ஊரில் புயல், நீங்கள் வெளிநாட்டில்: தூரத்திலிருந்து செய்தியைப் பின்தொடரும் வழி

2023 டிசம்பர் 4, திங்கட்கிழமை. வேலை நிமித்தமாக ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தில் இருந்தேன். காலை 7 மணிக்கு ஹோட்டல் சாப்பாட்டுக் கூடத்து டிவியில் சென்னை ஒரு இருபது விநாடி வந்து போனது. விமான நிலையத்தில் தண்ணீர், அதில் சக்கரம் நனைய நிற்கும் விமானங்கள், அவ்வளவுதான். அடுத்த செய்தி கால்பந்து. சென்னையில் அப்போது பகல் 11:30. மடிப்பாக்கத்தில் இருக்கும் அப்பாவின் போன் அணைந்திருந்தது. அம்மாவின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

அன்று நான் செய்தது எல்லாமே தப்பு. கூட்டத்தில் உட்கார்ந்துகொண்டே மேசைக்கு அடியில் நேரலை பார்த்தேன். அம்மாவின் போனுக்கு நாற்பது முறையாவது அடித்திருப்பேன். அந்த நாற்பது அழைப்பும் அவருடைய பேட்டரியைத் தின்றது என்று மறுநாள்தான் புரிந்தது. குடும்பக் குழுவில் வந்த படங்களை எல்லாம் பார்த்த மாத்திரத்தில் மற்றவர்களுக்கு அனுப்பினேன். இவ்வளவு செய்தும் மடிப்பாக்கத்தில் எங்கள் தெருவில் தண்ணீர் எவ்வளவு என்ற ஒரே கேள்விக்கு ராத்திரி வரை பதில் கிடைக்கவில்லை.

தண்ணீருக்கு நடுவில் இருப்பவர்களுக்குக் கரண்ட் இருக்காது, சிக்னல் இருக்காது, அடுத்த தெருவில் என்ன நடக்கிறது என்றுகூடத் தெரியாது. நமக்கு இரண்டும் இருக்கின்றன. அதனால் அவர்களிடம் செய்தி கேட்டுக்கொண்டிருப்பதைவிட, கிடைக்கிற செய்தியைச் சலித்து அவர்களுக்கு வேண்டியதை மட்டும் அனுப்புவதுதான் நம்மால் உருப்படியாகச் செய்ய முடிந்த வேலை. முதல் தடவையாக மழைக்காலத்தில் வெளிநாடு போகிறவர்களை நினைத்து இதை எழுதுகிறேன். உதாரணமெல்லாம் எனக்குத் தெரிந்த சென்னையை வைத்துத்தான்.

கிளம்பும் முன் ஒரு காகிதம்

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அந்த மூன்று மாதத்தில் பயணம் என்றால் கிளம்புவதற்கு முந்தைய நாள் அரை மணி நேரம் ஒதுக்கி இதைச் செய்துவிடுங்கள்.

முதலில், மாடி வீட்டில் இருப்பவரின் எண். தரைத்தளத்து ஆளின் எண் நம்மிடம் எப்போதும் இருக்கும், தண்ணீர் வந்தால் முதலில் நனைவதும் அவர் போன்தான். இரண்டாவது மாடியில் இருப்பவரிடம் நாம் பேசியே இருக்க மாட்டோம். அவருடைய எண்ணை வாங்கி வையுங்கள். எதிர் வீடு, தெருமுனை மருந்துக்கடை, பக்கத்துத் தெருவில் லேண்ட்லைன் வைத்திருக்கும் யாராவது ஒருவர், இவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தெருவுக்கோ குடியிருப்புக்கோ வாட்ஸ்அப் குழு இருந்தால் கூச்சப்படாமல் சேர்ந்துவிடுங்கள். மற்ற நாளில் அது குப்பை வண்டி வரவில்லை என்ற புலம்பலாகத்தான் இருக்கும். புயல் நாளில் எந்த டிவியையும்விட அதுதான் உங்களுக்கு உதவும்.

அதே காகிதத்தில் பெற்றோர் சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், மின் இணைப்பு எண், கார், வீட்டுக் காப்பீட்டு எண்கள். காகிதம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. போன் தொலைந்தாலும் அது பையில் இருக்கும். ஒரு படம் எடுத்து போனிலும் வைத்துக்கொள்ளலாம்.

இந்திய சிம்மைக் கழற்றி வைத்துவிட்டு ஊர் சுற்றும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. குறுஞ்செய்தி மட்டுமாவது வரும்படி ரோமிங்கைத் திறந்து வையுங்கள். அது இல்லாவிட்டால் வங்கியின் ஓ.டி.பி. வராது, ஊருக்கு ஒரு ரூபாய் அனுப்ப முடியாது. பெற்றோர் பிரீபெய்ட் என்றால் எந்தத் தேதியில் முடிகிறது என்று பார்த்து, மழைக்கு முன்பே இங்கிருந்து ரீசார்ஜ் செய்துவிடுங்கள். வெள்ளத்தில் பேட்டரி மிச்சம் இருந்தும் பேலன்ஸ் தீர்ந்து தவித்த வீடுகள் உண்டு.

போகிற நாட்டின் விதியையும் பாருங்கள். சீனாவில் வாட்ஸ்அப், யூடியூப், கூகுள் மூன்றும் உள்ளூர் இணையத்தில் வராது. இந்திய சிம் ரோமிங்கில் பெரும்பாலும் வரும். ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் செய்தி போகும், அதில் குரல் அழைப்பு போகாது. இதைப் புயல் அடிக்கும் ராத்திரியில் கண்டுபிடிக்க வேண்டாமே.

கடிகாரத்தைச் சரி செய்யுங்கள்

போனில் இரண்டாவது கடிகாரமாக இந்திய நேரத்தை வைத்துவிடுங்கள். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால், ஜெர்மனி குளிர்காலத்தில் நாலரை மணி பின்னால், நியூயார்க் பத்தரை மணி பின்னால். ஐரோப்பாவில் அக்டோபர் கடைசி ஞாயிறும் அமெரிக்காவில் நவம்பர் முதல் ஞாயிறும் கடிகாரத்தைத் திருப்புவார்கள், சரியாக நம் மழைக்காலத்தின் நடுவில். மனக்கணக்கு ஒரு மணி நேரம் தப்பும்.

ரேடார், செயற்கைக்கோள் படங்களின் ஓரத்தில் யு.டி.சி. (உலகப் பொது நேரம்) என்று ஒரு நேரம் இருக்கும். அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்டினால் நம் நேரம். இதைக் கூட்டாமல் பார்த்தால் இப்போது எடுத்த படத்தை விடியற்காலைப் படம் என்று நினைத்துக்கொள்வோம்.

மழை அளவுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. வானிலை மையம் சொல்லும் ஒரு நாள் மழை என்பது காலை 8:30 முதல் மறுநாள் காலை 8:30 வரை பெய்தது. 2015 வெள்ளத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. என்று சொன்னார்களே, அது டிசம்பர் 2 காலை 8:30-உடன் முடிந்த 24 மணி நேரக் கணக்கு. காலையில் ‘20 செ.மீ.’ என்று தலைப்பைப் பார்த்தால் அது ஏற்கெனவே பெய்து முடிந்த மழை. இனி வரப்போவது என்று நினைத்து ஊருக்கு போன் போட்டுப் பயமுறுத்தாதீர்கள். நான் பயமுறுத்தியிருக்கிறேன்.

உங்கள் வீட்டுத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். நகரத்தின் செய்தி உங்கள் தெருவின் செய்தி ஆகாது. தண்ணீருக்கு ஒரு பாதை உண்டு. உங்கள் வீடு எந்தப் பாதையில் இருக்கிறது என்று தெரிந்தால்தான் எந்தச் செய்தி நமக்கு, எந்தச் செய்தி நமக்கு இல்லை என்று பிரிக்க முடியும்.

சென்னையில் மழை என்றாலே டிவியில் செம்பரம்பாக்கம் வந்துவிடும். ஏரியின் முழு உயரம் 24 அடி, இப்போது இத்தனை அடி, திறந்துவிடுவது வினாடிக்கு இத்தனை கன அடி என்று கீழே ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு கன அடி என்பது சுமார் 28 லிட்டர். 2015-இல் 29,000 கன அடி வரை திறந்தார்கள், அதனால்தான் அந்தப் பெயரைக் கேட்டாலே நம் வயிறு கலங்குகிறது. சரி, அந்தத் தண்ணீர் எங்கே போகும்? திருநீர்மலைப் பக்கம் அடையாற்றில் சேர்ந்து, அனகாபுத்தூர், மணப்பாக்கம், ஈக்காட்டுத்தாங்கல், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வழியாகக் கடலுக்குப் போகும். உங்கள் வீடு இந்த வரிசையில் இருந்தால் செம்பரம்பாக்கம் எண்ணை ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

முடிச்சூரோ வரதராஜபுரமோ என்றால் கதை வேறு. அவை செம்பரம்பாக்கம் தண்ணீர் ஆற்றில் சேரும் இடத்துக்கு மேலே இருக்கின்றன. அங்கே வீட்டுக்குள் வருவது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழியும் தண்ணீர். செம்பரம்பாக்கத்தில் ஒரு சொட்டுக்கூடத் திறக்காத நாளிலும் முடிச்சூர் மூழ்கலாம்.

எங்கள் மடிப்பாக்கத்துக்கும் வேளச்சேரிக்கும் பள்ளிக்கரணை சதுப்பு நிலம்தான் தலையெழுத்து. சுற்றியிருக்கும் ஏரிகளின் தண்ணீர் எல்லாம் சதுப்பில் சேர்ந்து, ஒக்கியம் மடு என்ற ஒரே வாய் வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் பக்கம் கடலில் கலக்க வேண்டும். கடல் பொங்கி நிற்கும்போது அது உள்ளே வாங்காது. மழை நின்ற பிறகும் இரண்டு நாள் தண்ணீர் நிற்பதற்குக் காரணம் இதுதான். 2023-இல் ஹாம்பர்க்கில் உட்கார்ந்து நான் நாள் முழுக்கச் செம்பரம்பாக்கம் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை!

வேறு ஊர் என்றால் இதே கேள்வியை அந்த ஊருக்குக் கேளுங்கள். கடலூர், விழுப்புரம் என்றால் சாத்தனூர் அணையும் தென்பெண்ணையும். தூத்துக்குடி மாவட்டம் என்றால் தாமிரபரணியும் அதன் குளங்களும். ஊரில் அறுபது வயது தாண்டிய யாரிடம் கேட்டாலும் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வரும் என்று கையை நீட்டிக் காட்டுவார்கள். கிளம்பும் முன் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வானிலை மையத்தின் மொழி

வெளிநாட்டுச் சேனல் புயலை ஒரு புள்ளியாகத்தான் பார்க்கும். எங்கே கரையைக் கடக்கிறது, அவ்வளவுதான் அதற்குச் செய்தி. 2023-இன் மிக்ஜாம் புயல் டிசம்பர் 5 அன்று ஆந்திராவில் பாபட்லா பக்கம் கரையைக் கடந்தது. சென்னைக்கு வடக்கே முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல். அந்தச் செய்தியை மட்டும் பார்த்த என் ஜெர்மன் நண்பர் ‘நல்லவேளை, உங்கள் ஊரை விட்டுவிட்டதே’ என்றார். முந்தைய நாளே அது சென்னைக்கு அருகே கடலில் மெதுவாக நகர்ந்தபடி கொட்டித் தீர்த்திருந்தது. புயலின் கண் எங்கே போகிறது என்பதைவிட, அது எவ்வளவு நேரம் ஒரே இடத்தில் நிற்கிறது என்று கேளுங்கள்.

கடந்தபிறகும் முடிந்துவிடாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை ஏறியது. அதற்குப் பிறகு கடலே இல்லாத கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் 50 செ.மீ. பெய்தது. திருவண்ணாமலையில் மண் சரிந்து உயிர்கள் போயின. ‘கரையைக் கடந்தது’ என்ற தலைப்பைப் பார்த்ததும் போனைக் கீழே வைத்துத் தூங்கப் போனவர்கள் காலையில்தான் அதிர்ந்தார்கள்.

பெயரே இல்லாத மழை இன்னும் மோசம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. அது புயலே இல்லை, அதற்குப் பெயரும் வைக்கவில்லை. பெயர் இல்லாததால் வெளிநாட்டு டிவி அதைப் பெரிதாகச் சீண்டவில்லை. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்துக்கு நடுவே மாட்டி, நூற்றுக்கணக்கான பயணிகள் அங்கேயே கிடந்தார்கள். ஹோட்டல் டிவியில் வரவில்லை என்பதால் ஊரில் ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

ஆகவே சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையை நேரடியாகப் படிக்கப் பழகுங்கள். சில சொற்கள் போதும். 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. என்றால் கனமழை, 12 முதல் 20 என்றால் மிக கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. ‘ஓரிரு இடங்களில்’ என்றால் அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் கால்பங்குக்குள். ‘ஓரிரு இடங்களில் அதி கனமழை’ என்ற வரியை டிவி ‘அதி கனமழை எச்சரிக்கை’ என்று சுருக்கிவிடும். அந்த ஓரிரு இடம் உங்கள் ஊராகவும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். மஞ்சள் என்றால் கவனித்திருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள், சிவப்பு என்றால் இப்போதே செயலில் இறங்குங்கள்.

காற்று விஷயத்தில் தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், அப்புறம்தான் புயல். மணிக்கு 62 கி.மீ. காற்று வந்தால் புயல், 89 வந்தால் தீவிரப் புயல், 118 வந்தால் மிகத் தீவிரப் புயல். அமெரிக்கத் தளங்கள் ஒரு நிமிடச் சராசரியில் காற்றை அளக்கும், நம்முடையது மூன்று நிமிடச் சராசரி. அதனால் அங்கே எண் கொஞ்சம் பெரிதாகத் தெரியும். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

துறைமுகங்களில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டு நம் செய்திகளில் தவறாமல் வரும். 1, 2 என்றால் தூரத்துக் கடலில் இருக்கிறது. 3, 4 வந்தால் துறைமுகத்துக்கே மோசமான வானிலை. 5 முதல் 7 வரை அபாயம், 8 முதல் 10 வரை பெரும் அபாயம். 11-ஆம் எண் கூண்டு ஒன்றும் இருக்கிறது. எச்சரிக்கை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்று அதற்குப் பொருள். வெளிநாட்டில் இருக்கும் நமக்கு, வீட்டு போன் அணைந்த கணத்திலேயே 11-ஆம் எண் ஏறிவிடுகிறது.

எழுத்தறிக்கை அலுத்துப்போனால் ரேடார் படம் பாருங்கள். சென்னை ரேடாரில் படம் வராவிட்டால் ஸ்ரீஹரிகோட்டா அல்லது காரைக்கால். நாலைந்து படங்களை வரிசையாகப் பார்த்தால் சிவப்பு மஞ்சள் திட்டு எந்தப் பக்கம் நகர்கிறது என்று கண்ணுக்கே தெரியும். எனக்கு வானிலை அறிவியல் தெரியாது. கடலிலிருந்து புதிய திட்டு வருகிறதா இல்லையா என்று மட்டும் பார்ப்பேன். தமிழ்நாடு வெதர்மேன் என்ற பெயரில் எழுதும் பிரதீப் ஜான் இதையே பேச்சுத் தமிழிலும் ஆங்கிலத்திலும் விளக்குவார், புதிதாகப் பழகுகிறவர்களுக்கு எளிது. ஆனால் எச்சரிக்கை என்று வரும்போது வானிலை மையத்தின் வார்த்தைதான் கடைசி. அந்த மையத்தின் இயக்குநராக இருந்த ரமணன் சார் டிவியில் வந்தால் பள்ளிக்கு லீவு என்று காத்திருந்த தலைமுறைக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

நேரலையும் ஃபார்வர்டும்

தமிழ்ச் செய்திச் சேனல்கள் யூடியூபில் நேரலையாக வரும், உலகத்தில் எங்கிருந்தும் பார்க்கலாம். பார்க்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். டிவியில் தெரியும் தெரு நிருபரின் வண்டி போக முடிந்த தெரு. கழுத்தளவு தண்ணீர் நிற்கும் தெருவுக்குக் கேமரா போகாது. திரும்பத் திரும்ப வேளச்சேரி வருவதால் வேளச்சேரிதான் மோசம் என்று ஆகாது. வடசென்னை திரையில் வரவே இல்லையென்றால் அங்கே எல்லாம் சரி என்றும் ஆகாது. 2015 டிசம்பர் 2 அன்று ‘தி இந்து’ நாளிதழே சென்னையில் அச்சாகவில்லை. ஊழியர்களால் அச்சகத்துக்குப் போக முடியவில்லை. 1878-இல் தொடங்கிய பத்திரிகைக்கு அதுவே முதல் முறை. வெள்ளம் செய்தியாளர்களையும் சேர்த்துத்தான் முடக்கும்.

அப்புறம் குடும்பக் குழு. எல்லாக் குடும்பத்திலும் ஒரு சித்தப்பா இருப்பார், எதையும் படிக்காமல் அனுப்புவார். 2015-இல் முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பி வந்துவிட்டன என்று ஒரு செய்தி ஊரையே சுற்றியது. பொய். பண்ணையே மறுத்தது. நாசா பெயரைச் சொல்லி ஒரு மழை எச்சரிக்கை சுற்றியது. அதுவும் பொய். ஆனால் 2023-இல் பெருங்களத்தூர் பக்கம் மழையில் ஒரு முதலை சாலையைக் கடக்கும் வீடியோ வந்தபோது, பழைய கதைதான் என்று நான் சிரித்துவிட்டேன். அது உண்மை. அங்கத்து நீர்நிலைகளில் முதலைகள் இருப்பதை வனத்துறைப் பக்கமிருந்தே சொன்னார்கள். நம்ப முடியவில்லை என்பதற்காகவே ஒன்றைத் தள்ளிவிடவும் முடியாது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தான் பார்த்தாக வேண்டும்.

படம் பழசா புதுசா என்று பார்க்க எனக்குக் கைகொடுப்பது உள்ளூர் அடையாளங்கள். 2023-இல் மடிப்பாக்கத்தில் மெட்ரோ வேலை நடந்துகொண்டிருந்தது. அன்று வந்த மெயின் ரோடு படத்தில் அதற்கான தடுப்புகள் இல்லையென்றால் அது பழைய வெள்ளம். சுவரில் எந்தத் தேர்தல் விளம்பரம், கடைப் பலகையில் என்ன பெயர், சினிமா போஸ்டர் எது என்று பாருங்கள். நமக்குத் தெரிந்த தெருவை நம்மைவிட நன்றாகச் சரிபார்க்க யாராலும் முடியாது. இரண்டு நிமிடம் பார்த்தும் சந்தேகம் தீரவில்லையா, அனுப்பாதீர்கள். ஊரில் இருப்பவரின் மிச்சமிருக்கும் பத்து சதவீத பேட்டரியில் பழைய வீடியோ ஒன்று இறங்குவதை நினைத்துப் பாருங்கள்.

வீட்டோடு பேசுவது

போன் அணைந்திருக்கிறது என்றால் முதலில் நினைக்க வேண்டியது பேட்டரி. புயல் நேரத்தில் மின்வாரியமே ஆபத்தைத் தவிர்க்கக் கரண்டை நிறுத்திவிடும். தெருவில் இருக்கும் பில்லர் பாக்ஸ் (மின் விநியோகப் பெட்டி) தண்ணீரில் இருக்கும்வரை திரும்பக் கொடுக்க மாட்டார்கள். செல்போன் கோபுரமும் பேட்டரியிலும் டீசலிலும் எத்தனை மணி நேரம் தாங்கும்? ஆக, வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக் நிற்பதற்கு அர்த்தம், செய்தி இன்னும் அந்த போனுக்குப் போய்ச் சேரவில்லை என்பது மட்டும்தான். அதற்கு மேல் எதையும் கற்பனை செய்யாதீர்கள்.

சிவப்பு எச்சரிக்கை வந்த அன்றே ஓர் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். வீட்டில் இரண்டு போன் இருந்தால் ஒன்றை அணைத்து வைக்கச் சொல்லுங்கள். காலை 8, மாலை 6 என்று இரண்டு நேரம் மட்டும் அவர்கள் திறந்து ஒரு குறுஞ்செய்தி அனுப்பட்டும். ‘1’ என்றால் நலம், ‘2’ என்றால் உதவி வேண்டும். குறுஞ்செய்திக்குச் சிக்னல் கொஞ்சம் இருந்தாலே போதும், அழைப்பு போகாத நேரத்திலும் போகும். உறவினர் எல்லோரும் தனித்தனியாக அழைக்காமல், ஒரே ஆள் பேசி மற்றவர்களுக்குச் சொல்லும்படி வையுங்கள். அத்தை கோபித்துக்கொள்வார். கோபித்துக்கொள்ளட்டும்.

நீங்கள் அனுப்பும் செய்தி அவர்கள் ஏதாவது செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். ‘பயமா இருக்கும்மா, பத்திரம்’ என்பதால் யாருக்கும் பலன் இல்லை. நான் அன்று ராத்திரி கடைசியாக அனுப்பிய ஒன்றுதான் உருப்படியானது: ‘ரேடாரில் மழைத் திட்டு வடக்கே நகர்கிறது. ராத்திரி குறையும். சதுப்புத் தண்ணீர் நாளைக்கும் நிற்கும். குடிதண்ணீரை மாடிக்கு ஏற்றிவிடுங்கள். வண்டியை எடுக்க வேண்டாம்.’ அம்மா அதை மாடி வீட்டுக்காரரின் போனில் படித்துவிட்டு, அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டியிருக்கிறார்.

உதவி வேண்டும் என்று வந்தால்: மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டத்துக்கு 1077 (வேறு மாவட்டத்திலிருந்து அழைத்தால் ஊரின் எஸ்.டி.டி. எண்ணை முன்னால் சேர்க்க வேண்டும்), சென்னை மாநகராட்சி 1913. இந்தக் குறுகிய எண்களை வெளிநாட்டிலிருந்து அழைத்தால் போகாது. ஆகவே மதுரையிலோ கோவையிலோ, மழை இல்லாத ஊரில் இருக்கும் ஒரு நண்பரை முன்பே பேசி வையுங்கள். நீங்கள் அவருக்கு எழுதி அனுப்புவீர்கள், அவர் அழைத்துச் சொல்வார். எழுதும்போது முழு முகவரி, அருகில் தெரிந்த கோயிலோ பள்ளியோ, எந்த மாடி, எத்தனை பேர், முதியவரோ நோயாளியோ உண்டா, தண்ணீர் முழங்கால் அளவா இடுப்பளவா, இப்போது வேலை செய்யும் ஓர் எண், தகவல் எழுதிய தேதியும் நேரமும். சமூக வலைதளத்தில் போட்டிருந்தால், உதவி கிடைத்தவுடன் அதை அழித்துவிடுங்கள். 2015-இல் மீட்கப்பட்டவர்களின் வேண்டுகோள்கள் நாள்கணக்கில் சுற்றிக்கொண்டிருந்தன. ஆளில்லாத வீட்டுக்குப் படகு போனது என்றால், ஆள் இருக்கும் இன்னொரு வீட்டுக்கு அது போகவில்லை என்று அர்த்தம்.

நீங்கள் தூங்க வேண்டும்

நேரலையை நாள் முழுக்கப் பார்ப்பதால் மழை குறையாது. வானிலை மையத்தின் அறிக்கை ஒவ்வொரு நிமிடமும் மாறுவதில்லை. புயல் நேரத்திலேயே சில மணி நேரத்துக்கு ஒரு முறைதான். ஒரு நாளைக்கு நாலு முறை, ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம், இந்த வரிசையில்: அறிக்கை, ரேடார், உங்கள் ஏரி அல்லது ஆற்றின் எண், தெருக் குழு. பார்த்து முடித்தால் ஊருக்கு ஒரு செய்தி, பிறகு மூடிவிடுங்கள். உடன் வேலை செய்பவர்களிடம் ஒரு வரி சொல்லிவிடுங்கள். ‘ஊரில் வெள்ளம், பெற்றோர் அங்கே, நடுவில் போன் வந்தால் எழுந்து போவேன்’ என்றால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். சொல்லாமல் மேசைக்கு அடியில் பார்த்ததற்குத்தான் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

உடனே விமானம் ஏற வேண்டும் என்ற வேகம் வரும். பொறுங்கள். மிக்ஜாமில் சென்னை விமான நிலையம் 4-ஆம் தேதி மூடி, மறுநாள் காலைதான் திறந்தது. பல விமானங்களைப் பெங்களூருக்குத் திருப்பினார்கள். 2015-இல் நாள்கணக்கில் மூடிக் கிடந்தது. அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து பயணிகள் விமானம் விட்டார்கள். விமானம் இறங்கினாலும் வீடு வரை போகச் சாலை வேண்டும். ஏற்கெனவே டிக்கெட் இருந்தால் விமான நிறுவனம் தேதியைக் கட்டணமின்றி மாற்றித் தருகிறதா என்று பாருங்கள், இந்த நாள்களில் பெரும்பாலும் தருவார்கள்.

மழை விட்ட பிறகு

டிவி முதலில் கிளம்பிவிடும். வேலை அப்போதுதான் தொடங்கும். அடுத்த நாலைந்து நாளுக்கு உங்களைத்தான் வீட்டில் தேடுவார்கள், ஏனென்றால் கையில் காகிதமும் இணையமும் இருப்பது உங்களிடம்தான்.

கரண்ட் வந்ததும் மோட்டாரைப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். சம்ப்புக்குள், அதாவது தரைக்கடித் தொட்டிக்குள், சாக்கடைத் தண்ணீர் போயிருக்கும், அதை மாடித் தொட்டிக்கு ஏற்றினால் குழாய் முழுக்க நாறும். நனைந்த ஸ்விட்ச், பிரிட்ஜ், வாஷிங் மிஷின் எதையும் எலக்ட்ரீஷியன் பார்க்காமல் தொட வேண்டாம். செருப்புக்குள்ளும் கட்டிலுக்கு அடியிலும் பாம்பு, பூரான் பார்த்துக் காலை வைக்க வேண்டும். இதையெல்லாம் ஒரே செய்தியில் கொட்டாமல், நாளுக்கு ஒன்றாக அனுப்புங்கள். களைத்துப் போயிருப்பார்கள்.

காரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தண்ணீரில் நின்ற காரை ஓடுகிறதா பார்ப்போம் என்று யாரும் ஸ்டார்ட் செய்யக்கூடாது. இன்ஜினுக்குள் தண்ணீர் இருக்கும்போது சாவியைத் திருப்பினால் இன்ஜின் போய்விடும், அதற்குக் காப்பீடு தர மாட்டேன் என்று நிறுவனம் வாதாடவும் இடம் கொடுக்கும். தண்ணீர் இருக்கும்போதே நாலு பக்கமும் படம் எடுக்கச் சொல்லுங்கள், எண் பலகை தெரிய. வடிந்தபின் கதவில் நிற்கும் சேற்றுக்கோட்டையும் ஒரு படம். பாலிசி எண் உங்கள் பையில் காகிதத்தில் இருக்கிறது, தகவலை நீங்களே இங்கிருந்து பதிவு செய்துவிடலாம்.

அப்பாவின் போன் 6-ஆம் தேதி மாலை உயிர் பெற்றது. முதலில் வந்தது அந்தக் கோட்டின் படம்தான். கைப்பிடிக்கு நாலு விரல் கீழே. சாவியை அம்மா ஒளித்து வைத்திருந்தாராம்.